பொது ஃபோல்டரில் வைக்காத படம்

2009 பெப்ரவரி 11, புதன். மாத்தளை.

செல்லம்மா அக்காவின் மகனுடைய படத்தை நான் தொலைத்துவிட்டேன்.

படம் அச்சடித்துக் கொடுக்கும் என் கடைக் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். அதற்குள்ளே, வருகிறவர்களின் வேலைக்காக, ஒரு விண்டோஸ். வைரஸுக்குப் பயந்து தினமும் கடை சாத்தும்போது விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவேன்; அன்று அதில் சேர்ந்ததெல்லாம் அழிந்துபோகும். இரண்டுக்கும் பொதுவான ஃபோல்டரில் போட்டது மட்டும் லினக்ஸில் தங்கும். நேற்று அந்தப் பொது ஃபோல்டரின் இணைப்பு அறுந்திருந்தது. அதே பெயரில் விண்டோஸுக்குள் கிடந்த வெறும் ஃபோல்டரில் படத்தைப் போட்டிருக்கிறேன். மடையன், கவனிக்கவில்லை. வழக்கம்போலத் திருப்பியும் விட்டேன்.

அக்காவின் மகனைக் கொழும்பில் பிடித்துக்கொண்டு போய் ஒன்பது நாள். வீட்டில் வேறு படம் இல்லை. இது அவன் கூட்டாளியின் போனில் இருந்தது. எனக்குத் தந்த கையோடு அந்தக் கூட்டாளி பயத்தில் போனிலிருந்து அழித்துவிட்டான்.

சாயங்காலம் அக்கா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தார்.

"தம்பி, படத்தைப் பெருசா எடுத்துக் குடுங்க. நாளைக்கு கொழும்புக்குப் போறேன், காட்டித் தேடணும்."

"மெஷின் கோளாறுக்கா. காலையில தர்றேன்."

"சரி, ஒங்ககிட்டதானே இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

இணைப்பைச் சரிசெய்துவிட்டேன். இப்போது ஃபோல்டர் இரண்டு பக்கமும் தெரிகிறது. இரண்டு பக்கமும் காலி. அக்கா முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார். நாளைக்குக் கடையைத் திறக்காமலே இருந்துவிட்டால்...