கட்டம் போட்டவள்

ஞாயிற்றுக்கிழமை, மாலை

நண்பனுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். 'அன்புள்ள ஒட்டடைக்குச்சி' என்று எழுதத்தான் கை போனது. பழக்கதோஷம். அந்தப் பெயரை உனக்கு வைத்தவள் நான். இந்தத் தடவை அதை நானே எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

கைபேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பேசினால் சிரித்தே என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். கடிதமென்றால் கடைசிவரை நான் மட்டும்தான் பேசுவேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் இனி திரும்பாது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். ஆனால் இடது கையால் எழுதுவது நன்றாகப் பழகிவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி. பரிசோதனைக் கூடத்தில் உன் இடத்துக்கு ஒரு புதுப்பெண் வந்திருக்கிறாள். இரத்தம் எடுக்க ஊசியைக் குத்திவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இரத்த மாதிரிக் குழாய்களைச் சுற்றும் இயந்திரத்தையும் மாற்றிவிட்டார்கள். பழையது பத்து நிமிடம் சுற்றும், இது ஏழே நிமிடத்தில் நின்றுவிடுகிறது. நமக்கு மூன்று நிமிடம் போயிற்றே என்று முதல் நாள் நினைத்தேன். 'நமக்கு' என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பத்து நிமிடங்கள் உனக்கு நினைவிருக்கும். பிழையாக அச்சான அறிக்கைத் தாள்களின் பின்பக்கத்தில், மேற்பார்வையாளர் அம்மா பார்க்காதபடி, எத்தனை குறுக்கெழுத்துப் புதிர்கள் போட்டோம். நான் ஒரு சொல்லை உடைப்பேன், நீ அதற்கு ஒரு குறும்பைச் சேர்ப்பாய். 'மருந்தின் தலையை மாற்றினால் வீட்டில் கூட்டம்' என்ற குறிப்பு முழுக்க முழுக்க உன்னுடையது. விடை விருந்து என்று தெரிந்ததும் நான் சிரித்த சிரிப்பில் ஒரு குழாய் கீழே விழுந்து உடைந்தது. உன்னுடையதை நான் ஒருபோதும் என்னுடையது என்று சொன்னதில்லை.

நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது, அந்தப் புதிர்களையெல்லாம் நான் படியெடுத்து வைத்திருந்த நான்கு நோட்டுகளையும் கேட்டாய். கணினியில் ஏற்றி வைத்தால் பத்திரமாக இருக்கும் என்றாய். ஒரு பையில் போட்டு நானே பேருந்து நிலையம்வரை சுமந்துவந்து கொடுத்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு, ஞாயிறு காலை, பத்திரிகை இணைப்பில் புதிதாக ஒரு குறுக்கெழுத்துப் பகுதி வந்திருந்தது. வழக்கம்போல் அப்பாவின் மடியில் பலகையை வைத்துப் பென்சிலைக் கொடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. ஏதாவது வேண்டுமென்றால் அவர் ஒரு தடவைதான் தட்டுவார். அன்று விடாமல் தட்டினார். ஈரத் துணியோடு பதறி ஓடினால், மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போகுமே, அந்தச் சிரிப்பு. பென்சில் நுனி மேலிருந்து கீழ் நான்காவது குறிப்பில் நின்றது.

'தலைபோன கவலையில் மீனுக்கு ஆபத்து. இரண்டு கட்டம்.'

அந்தக் குறிப்பு பிறந்தது அப்பாவை மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்த வாரத்தில். நான் எதையோ வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா எரிச்சலில், "அப்படி என்னடி உனக்குத் தலைபோற கவலை" என்று கத்தினாள். மறுநாள் பேருந்தில் அந்தச் சொல்லே மண்டைக்குள் சுற்றியது. கவலையின் முதல் எழுத்து போனால் வலை. சாயங்காலம் இதை அப்பாவிடம் கேட்டேன். பென்சிலைப் பிடிக்கவே மாட்டேன் என்றிருந்த மனிதர், இடது கையை நீட்டி அதை வாங்கினார். அந்தக் கையால் அவர் எழுதிய முதல் சொல் 'வலை'. அன்று நீயும் கட்டில் பக்கத்தில் இருந்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டாய். மற்ற எல்லாக் குறிப்புகளையும் நீ எடுத்திருக்கலாம். இதை எப்படி எடுத்தாய்?

புதிர் போட்டவர் பெயரைத் தலைப்புக்குக் கீழே வெளிர்நீலத்தில், பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அப்பாவின் கண்ணுக்கு அது எட்டாது. படி என்று தாளை என்னிடம் நீட்டினார். உன் பெயர் இருந்தது. உன் பெயர் மட்டும் இருந்தது. பக்கத்தில் அதே பொடி எழுத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. பழைய வேலையிடத்தில் நேரம் போகாமல் தொடங்கியதாகவும், கூட வேலைபார்த்த ஒரு பெண் பொறுமையாகக் கட்டம் போட்டுத் தருவார் என்றும் நீ சொல்லியிருந்தாய்.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் பெயரைப் படித்தேன். மூச்சை இழுத்துக்கொண்டு என் பெயரையும் சேர்த்துப் படித்தேன். அவர் என் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் கனத்தை இன்னும் தலையிலிருந்து இறக்கிவைக்க முடியவில்லை.

அன்றே உனக்குச் செய்தி அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய் என்று கைபேசி காட்டியது. நான்கு நாள் கழித்து ஒரு வரி வந்தது. "பொழுதுபோக்குக்குப் பண்ணதுதானே, இதுக்குப் போய் இவ்ளோ பெருசு பண்றியே."

திரும்பத் திரும்பப் படித்தேன். காலையில் அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு ஓடி, நாள் முழுக்க யார் யாருடைய இரத்தத்துக்கோ பெயர் ஒட்டி, திரும்பி வந்து அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்து, இப்படியே போகிறது என் நாள். நடுவில் அந்தப் பத்து நிமிடம்தான் யாருக்கும் மகளாக இல்லாமல், யாருக்கும் பணியாளாக இல்லாமல் நான் நானாக இருந்தது. என் பொழுது தானாகவே போய்விடும், அதைப் போக்க எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் என் பொழுது என் கைக்குத் திரும்பி வந்தது. இது தெரிந்த ஒரே ஆள் நீ. தெரியாத ஒருவன் செய்திருந்தால் திருட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தபால்தலைகூட ஒட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. திருத்தம் என்று போட்டால் நல்ல கறுப்பு எழுத்தில் போடுவார்கள், அப்பா படித்துவிடுவார். மகளை ஏமாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால், அதைச் சொல்லி அழுவதற்குக்கூட அவருக்கு வாய் இல்லை. கடிதம் அலமாரியிலேயே கிடக்கிறது. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பக்கத்தின் மேல்பகுதியைக் கத்தரித்துவிட்டுத்தான் அவரிடம் கொடுக்கிறேன். தாள் பலகைக்கு அடங்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்று வாரமாக எனக்கு ஒரு குறிப்பும் தோன்றவில்லை. இயந்திரம் சுற்றும்போது கை கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். நேற்று திடீரென்று ஒன்று வந்தது. 'துரோகத்தின் தலை போனாலும் நோய் மிஞ்சும். மூன்று கட்டம்.' ரோகம். நன்றாக இருக்கிறது, இல்லையா? வந்த வேகத்தில் உன்னிடம் சொல்லக் கைபேசியை எடுத்துவிட்டேன். உன் பெயரைத் தொடப்போன பிறகுதான் விரல் நின்றது. இந்த மூன்று வாரத்தில் அழாதவள், அப்போது கழுவுதொட்டிப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். புதுப்பெண் தன்னைப்போல எனக்கும் ஊசி பயம் என்று நினைத்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இனி நீ என்ன போட்டாலும் நான் கேட்கப்போவதில்லை. நிறுத்தவும் சொல்லவில்லை. அப்பாவுக்கு வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்பதுதான் நினைப்பு.

உனக்கு அனுப்பச் சொல்லி அவர் ஒரு சீட்டு எழுதித் தந்திருக்கிறார். முக்கால் மணி நேரம் எழுதினார், நடுவில் இரண்டு தடவை பென்சில் கீழே விழுந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். கோணல் எழுத்து உனக்குப் புரியாமல் போகலாம் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்: "ரெண்டு பேரும் சேந்து இன்னும் நெறைய செய்யணும். ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்."

அதில் எனக்குரிய பாதியை மட்டும் நான் எப்படித் தனியே எடுத்துக்கொள்வது? முழுசாகவே அனுப்புகிறேன்.

அடுத்த மாதம் நீ விடுப்பில் வருவதாகக் கேள்விப்பட்டேன். ஒரு நாள் வீட்டுக்கு வா. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வா. அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார், கொஞ்ச நேரம் இரு. புதிர் யார் போடுவது என்று அவர் பலகையில் எழுதிக் கேட்டால், நாங்கள் இருவரும்தான் என்று சொல். அவருக்காகப் பொய் சொல்கிறோம் என்று மட்டும் அப்போது நினைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
நான்