ரேடியோவில் வந்த மாப்பிள்ளை

பார்த்திப வருஷம், கார்த்திகை, வெள்ளி ராத்திரி.

ஜப்பான்காரன் தோற்பான் என்று பொம்மிடியில் முதலில் சொன்னவன் நான்தான். ஜெயிப்பான் என்றும் சொல்லி வைத்திருந்தேன். சண்டை முடிந்ததும் மலாயாவிலிருந்து ஆள் வரும் என்றேன். இன்று வந்துவிட்டது.

வந்தவன் மாரப்பன். என் தங்கச்சி புருஷனோடு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவன். அவன் கை என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை.

தங்கச்சி வாசலுக்கு வந்தாள். அவன் நிமிரவில்லை.

"அண்ணி, சயாம் காட்டுல ரயில் போட எங்களை ஜப்பான்காரன் இழுத்துக்கிட்டுப் போனானுங்க. அண்ணனுக்குக் காலரா கண்டுருச்சு. நாந்தானுங்க மண்ணு தள்ளுனேன்."

நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். தங்கச்சி மட்டும் அசையவில்லை.

"வேற யாரையோ பாத்துட்டுச் சொல்றீங்க. நல்ல சோறு, நல்ல கூலி, சொகமா இருக்கேன்னு அவரே ரேடியோல பேசுனாரு. எங்கண்ணன் சேலத்துல காதால கேட்டாரு. வேணும்னா அவரையே கேளுங்க."

மாரப்பன் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவனுக்குக் களி போட்டு அனுப்பினாள். பிறகு நெற்றியில் குங்குமத்தை அழுத்தி வைத்துக்கொண்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். இப்போது உள்ளே நன்றாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் இல்லை.

சேலத்தில் ஜப்பான் ரேடியோவைத் திருட்டுத்தனமாகக் கேட்டது சத்தியம். மலாயாத் தமிழர்கள் எல்லாரும் சுகம் என்று அதில் சொன்னதும் சத்தியம்.

மாப்பிள்ளை குரல் மட்டும் அதில் வரவில்லை.