பிராம்ப்டர் சொல்லாமல் விட்டது

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

டாக்குரியா வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. முதலில் வீட்டுச் செய்தி. அக்காவுக்கு முட்டிவலி தவிர வேறு குறையில்லை. உங்கள் மகள் செல்வி பேங்கில் வேலை பார்க்கிறாள். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே "மா, ஆஷ்சி" என்று, போய்வருவதைக்கூட வங்காளத்தில்தான் சொல்லிவிட்டுப் போகிறாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வருகிறது. சௌரங்கியில் நீங்கள் திட்டிக்கொண்டே பலகை மேல் ஏறித் தாண்டிய பள்ளத்துக்குள் இப்போது பாதாள ரயில் ஓடுகிறது. ஹாத்திபாகானில் நீங்கள் என்னைக் கூட்டிப்போன தியேட்டரில் நாடகத்துக்கு நடுவே காபரே நடனம் வைக்கிறார்கள். அப்படியும் பாதி நாற்காலி காலி.

நம் தமிழ்க் குழு நாடகம் போட்டு மூன்று வருடமாகிறது. ஆனால் வெள்ளிவிழா மலர் ஒன்று போடப்போகிறார்களாம். போன வாரம் செயலாளர் வந்து, "சண்முகசுந்தரம் சாரைப் பத்தி ஒரு பக்கம் நீங்கதான் எழுதணும். அந்த மௌன நடிப்பை மறந்துடாதீங்க, சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்களைப் பற்றி நாலு நாள் எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவர் கேட்ட பக்கத்துக்குப் பதிலாக இதைத்தான் கொடுக்கப்போகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் தென்காசியிலிருந்து வந்து ஹவுராவில் இறங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அக்கா வீட்டுச் சோறு, நீங்கள் வாங்கிக் கொடுத்த வேலை. இரண்டாவது சனிக்கிழமையே என்னை டிராமில் ஏற்றி வடக்கே நாடகம் பார்க்கக் கூட்டிப்போனீர்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. மேடையே மெல்லச் சுழன்று, வீட்டுக் கூடம் போய்ப் படித்துறை வந்ததை வாய்பிளந்து பார்த்தேன். மூன்றாவது வரிசை நமக்கு. கதாநாயகர் பேசும் முன்பே திரை மறைவிலிருந்து யாரோ அதே வசனத்தைச் சொல்வது காதில் விழுந்தது. நீங்கள் என் பக்கம் சாய்ந்து சொன்னீர்கள்: "கேட்டியாடே? அவன்தான் பிராம்ப்டர். நடிகன் மறந்தா எடுத்துக் கொடுக்கவன். நல்ல பிராம்ப்டர்னா அவன் இருக்கதே தெரியக்கூடாது."

எனக்கு மேடை ஏறினால் கால் நடுங்கும் என்பது ஒரே ஒத்திகையில் தெரிந்துபோயிற்று. அதனால் நம் குழுவுக்கு நானே பிராம்ப்டர் ஆனேன்.

அன்று நம்மவர்கள் எப்படி நடித்தார்கள் என்பது மலரைப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்பா வேஷக்காரர் மேடை நடுவுக்கு வந்து, மேலே தொங்கும் மைக்கை அண்ணாந்து பார்த்து, மூச்சுவிடாமல் அடுக்குமொழி பேசுவார். கைதட்டல் அடங்கிய பிறகுதான் அடுத்தவர் வாயைத் திறக்கலாம். வங்காளிகளின் சின்னக் குழுக்களை வாரம் தவறாமல் பார்த்துவிட்டு வந்து நீங்கள்தான் அதை உடைத்தீர்கள். "மைக்க ஏன்யா பாக்கீரு? மகளைப் பாரும். அவட்டதான பேசுதீரு?" என்று ஒத்திகையில் கத்துவீர்கள். மெல்லப் பேசினால் கடைசி வரிசைக்குக் கேட்காது என்று பாதிப் பேர் முறைத்துக்கொண்டார்கள். கேட்டது, அத்தான். அவர்கள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

பிறகு, புரட்சி என்று கிளம்பிய பையன்களைப் போலீஸ் வேட்டையாடிய அந்தக் கெட்ட காலம் வந்தது. சுவரெல்லாம் எழுத்து, தெருமுனையில் குண்டு, விடிந்தால் லேக் பக்கம் ஏதாவது ஒரு பையனின் உடம்பு. நாம் அண்ணன் முறையில் தாதா என்று கூப்பிட்ட எதிர்வீட்டு போஸ் தாதாவின் மகன் கல்லூரிக்குப் போனவன் திரும்பவேயில்லை. போலீஸ் கூப்பிட்டு ஒரு உடம்பைக் காட்டியபோது நீங்களும் அவருடன் போனீர்கள். துணியை விலக்கிப் பார்த்த அவர், "இது என் பையன் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நிஜமாகவே இல்லையா, அல்லது மகனாக இருந்தும் அப்படிச் சொன்னாரா? நீங்கள் என்னிடம்கூட அதைச் சொன்னதில்லை. ஆறேழு வருடம் கழித்து அதை நாடகமாக எழுதினீர்கள். ஓய்வுபெற்ற ஒரு தமிழ் ஸ்டேஷன் மாஸ்டர், பிணவறையில் மகனின் உடலைப் பார்த்து, "இவன் என் பையன் இல்ல" என்று சொல்லும் கதை. அனுமதி கேட்கப் போனபோது போஸ் தாதா, "போடுங்கள், நான் வந்து பார்க்கிறேன்" என்றாராம்.

முதல் காட்சி தமிழ்ப் பள்ளிக்கூட அரங்கில். ஸ்டேஷன் மாஸ்டர் நீங்கள். பிணவறைக் காட்சியில் துணியை விலக்கினீர்கள். உடனே வரவேண்டிய வசனம் வரவில்லை. நான் மேடையோரத்து விங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் அசையவில்லை. இன்னொரு தடவை கொடுத்தேன். அப்போது உங்கள் கண் என் பக்கம் திரும்பியது. உங்களை எத்தனையோ வேஷத்தில் பார்த்திருக்கிறேன். அந்தப் பார்வை எந்த வேஷத்திலும் இல்லாதது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த குழந்தைக்கு இருக்குமே, அந்த முகம். மூன்றாம் தடவை கொடுத்தபோதுதான் சொன்னீர்கள்.

அரங்கமே எழுந்து நின்றது. போஸ் தாதா கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, "கீ நீரொபொதா, தாதா!" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன ஒரு மௌனம்! எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். உங்கள் கை சில்லென்று இருந்தது.

"மாப்ளே, எனக்கு ஒண்ணுமே வரல. நான் எழுதின வசனம்டே அது. சுத்தமாத் தொடச்ச மாதிரி இருந்துது."

"அலைச்சல் அத்தான். தூக்கம் இல்லைல்லா?"

"அக்காட்ட சொல்லிராத. யார்ட்டயும் சொல்லிராத."

சொல்லவில்லை. அடுத்த மாதமே ஒரு வங்காளக் குழு, தாங்கள் நாடகம் போடும் அரங்கில் ஒரு மாலை நம் நாடகத்தைப் போடச் சொல்லி அழைத்தது. தமிழ் தெரியாத வங்காளிகளுக்கு முன்னால், தமிழில். உங்கள் வாழ்நாள் ஆசை அது. அதற்குள் காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்க ஆரம்பித்திருந்தீர்கள். பித்தம் என்று அக்காவிடம் சொல்லி இஞ்சிச்சாறு குடித்தீர்கள். தலைவலியை மூக்குக்கண்ணாடி மேல் போட்டீர்கள். ஒருநாள் ஆபீஸ் முடிந்து வரும்போது கரியாஹாட் சந்திப்பில் நீங்கள் நிற்பதைப் பார்த்தேன். வருகிற டிராம் ஒவ்வொன்றையும் பார்க்கிறீர்கள், எதிலும் ஏறவில்லை. அருகில் வந்து தொட்டேன். "வீட்டுக்கு எதுடே?" என்று கேட்டீர்கள். இருபது வருடமாகப் போய்வந்த பாதை.

அன்று நான் உங்களை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போயிருக்க வேண்டும். "போவோம் அத்தான்" என்று சொல்லவும் செய்தேன்.

"நாடகம் முடியட்டும்டே. இப்பப் போனா படுக்கச் சொல்லுவான். அப்புறம் யாரு நடிப்பா? மூணு மாசம்தான?"

சரி என்றேன்.

அந்த மூன்று மாதமும் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன். ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு மேஜைமேல் இருந்த பழைய பதிவேட்டுக்குள் உங்கள் வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். பிணவறைக் காட்சிக்கு, துணி மூடிய மேஜைக்கு அடியிலேயே நான் படுத்துக்கொண்டேன். நீங்கள் நடித்ததால் இயக்கும் பொறுப்பை ஏற்றிருந்தவருக்குக்கூட வேறு காரணம் சொல்லிச் சமாளித்தேன். ஒத்திகையில் நீங்கள் திகைத்து நின்றபோதெல்லாம், "அந்த மௌனத்தை அப்படியே வைங்க, பிரமாதம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் நோய்க்கு எல்லோரும் நடிப்பு என்று பேர் வைத்தார்கள். அது நோய் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அத்தான். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமே பொய். எனக்கு அது பிடித்திருந்தது. பத்து வருடம் இருட்டில் நின்றவன் நான். என் பெயர் நோட்டீஸில் கடைசி வரி. இப்போது நான் இல்லாமல் உங்களால் ஒரு வார்த்தை பேச முடியாது. என் குரல் உங்கள் வாய் வழியாக வந்து ஜனங்களை அழவைத்தது. டாக்டரிடம் போனால் அது நின்றுவிடும் என்ற எண்ணம் எனக்குள் இருந்ததா? இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை.

நாடக நாளன்று அரங்கு நிறைந்துவிட்டது. அக்கா இரண்டாவது வரிசையில் செல்வியோடு உட்கார்ந்திருந்தாள். முக்கால்வாசி நாடகம் நன்றாகவே போயிற்று. பிணவறைக் காட்சியில் நான் மேஜைக்கடியில் இருந்தேன். நீங்கள் துணியை விலக்கினீர்கள். எடுத்துக் கொடுத்தேன். மறுபடி கொடுத்தேன். உங்கள் கால்விரல்கள் எனக்கு ஒரு முழத் தூரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. பிறகு உங்கள் குரல், மேடைக் குரல் இல்லை, வீட்டில் பேசுகிற குரல், எல்லோருக்கும் கேட்கும்படி என் பெயரைச் சொல்லி அழைத்தது.

"கோமதி, இது எந்த இடம்டே?"

அப்படியே சரிந்தீர்கள். திரை இறங்கியது. வெளியே கைதட்டல் ஓயவேயில்லை. இந்தப் பக்கம் உங்கள் வாயில் நுரை. நான் உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பத்திரிகையில் அந்தக் கடைசி வசனத்தைப் புகழ்ந்து எழுதினார்கள். அதை உங்களிடம் யாரும் காட்டவில்லை.

அலிப்பூர் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ரயிலில் இரண்டு நாள். வேலூரில் ஒரு இளம் டாக்டர், தமிழர், படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"மறதி, தலைவலி, வாந்தி இதெல்லாம் எப்பத்திலேர்ந்தும்மா?"

"பித்தம்னுதான் சொன்னாவ. மறதியா? அப்படி ஒண்ணும் இல்லையே டாக்டர். நாடக வசனம் பூராவும் மனப்பாடமால்லா சொன்னாவ!"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"மூளையில கட்டி. மூணு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா திறந்து பார்த்திருக்கலாம். பிழைச்சிருப்பார்னு உறுதியாச் சொல்லமுடியாது. ஆனா ஒரு வழி இருந்திருக்கும்."

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, எப்பவும் கூடவே திரிஞ்சியே. ஒனக்கு ஏதாவது தெரியுமாலே?"

"இல்லக்கா."

"பக்கத்துலயே படுத்துக் கெடந்தேனே. எனக்கே தெரியலையே. நானெல்லாம் ஒரு பொண்டாட்டியா?"

இதை அவள் அன்று மட்டும் சொன்னாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உங்கள் திவசத்தன்று சொல்வாள். செல்விக்குத் தலைவலி என்றால் சொல்வாள். யாராவது நாடகத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று எழுந்து போய்விடுவாள். நான் அவள் போட்ட சாப்பாட்டைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் கடைசி வாரம். உங்களுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. அக்கா முகத்தை உங்கள் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, "நான் யாரு? ஒரு தடவ சொல்லுங்களேன்" என்று கேட்டாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். பிறகு, கட்டிலின் கால்மாட்டில் நின்ற என் பக்கம் கண்ணைத் திருப்பினீர்கள். என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் பின்னால் நின்று உதட்டை மட்டும் அசைத்தேன். "பகவதி" என்றீர்கள்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். கடைசிவரை உங்களுக்குத் தன்னைத் தெரிந்திருந்தது என்று இன்றுவரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அவளிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நீங்கள் அவள் கையைத் தடவிக்கொண்டு, "சாப்ட்டியாட்டி?" என்று கேட்டீர்கள். அதை நான் எடுத்துக் கொடுக்கவில்லை, அத்தான். என் உதடு மூடியிருந்தது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. செல்வி தோழி வீட்டுக்குப் போகிறாள். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அக்காவை உட்காரவைத்து இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து நானே படிப்பேன். அவள் கண்ணுக்குத் தெரியாமல் போனது அவள் குறையில்லை, இரண்டு பேர் சேர்ந்து பாடுபட்டு அவளிடமிருந்து மறைத்தோம் என்று சொல்வேன். அவள் பெயரைச் சொன்னது நான் என்பதையும் சொல்வேன். சாப்பிட்டாயா என்று கேட்டது நீங்கள் என்பதையும் சொல்வேன். வீட்டைவிட்டுப் போ என்றால் போய்விடுகிறேன். மலருக்குக் கொடுப்பது அதற்கு அப்புறம்தான். இது உங்கள் மேல் ஆணை.

இப்படிக்கு,
பகவதியின் தம்பியும்
உங்கள் மைத்துனனுமான
கோமதிநாயகம்