ஆறு கிலோ குறைத்த மருமகளுக்கு

அம்சவல்லிக்கு,

நீ நடந்துவிட்டு வருவதற்குள் நானும் ஊர்க்காரர்களும் கிளம்பிவிடுவோம். நம் வயலில் எரிவாயுக் குழாய் பதிப்பதை எதிர்த்து இன்று திருத்துறைப்பூண்டியில் மறியல். கேழ்வரகு அடையும் கீரையும் மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று, "நெல்லு விளையற வீட்டுல சோத்தை அளந்து திங்கிறியே" என்று கத்திவிட்டேன். தப்புதான். சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தால் உடம்பு லேசில் இளைக்காது என்று டாக்டரம்மா சொன்னபோது நானும்தானே பக்கத்தில் இருந்தேன்? அப்படியும் ஏழு மாதமாக வாய்க்கால் கரையில் நடந்து ஆறு கிலோ குறைத்துவிட்டாய்.

எதிர்வீட்டு ராசம்மாள், "உன் மருமக இளைச்சும் விசேஷம் ஒண்ணும் காணோமே" என்றாள். "அவ வைராக்கியம் உனக்கு வருமாடி?" என்று கேட்டேன்.

அத்தை

போலீஸ் பிடித்து மண்டபத்தில் வைத்தால் வர நேரமாகும். எனக்காகக் காத்திருக்காமல் வேளைக்குச் சாப்பிடு. இத்தனை பாடுபட்டதை என்னால் கெடுத்துக்கொள்ளாதே.