தூக்கிவிட ஒரு கை

சேலையூர்,
17.1.2007.

அன்பு மகன் தினகரனுக்கு அம்மா செல்வம்மாள் எழுதுவது. நான் சுகம். கால் வீக்கம் மட்டும் போவேனா என்கிறது. மஸ்கட்டில் குளிர் என்றாயே, நான் கொடுத்தனுப்பிய கம்பளியைப் போர்த்திக்கொள்கிறாயா, இல்லை அழகுக்கு மடித்து வைத்திருக்கிறாயா? பொங்கலுக்கு உன் கடிதம் வருமென்று தபால்காரரை மூன்று நாள் வழிமறித்தேன். "வந்தா குடுக்காம நான் இன்னா துண்ணவா போறேன்?" என்று கோபித்துக்கொண்டார்.

போனில் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என்னிடம் மீன் வாங்கும் அனுப்பிரியா டீச்சரை உனக்குத் தெரியும். சங்கராவைத் தவிர வேறு மீனை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். அவருடைய மாதர் மன்றம் மார்ச் 11-ம் தேதி தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்கும் முனியம்மாவுக்கும் பொன்னாடை போர்த்துகிறது. ஆறு வருஷமாக இரண்டு பேரும் குப்பம் குப்பமாகப் போய்ச் சண்டை விலக்குகிறோமே, அதற்காக. போன ஐப்பசியில் தெற்கே இரண்டு குப்பத்துக்காரர்கள் கம்போடு கிளம்பினார்கள். நாங்கள் மீன் கூடையோடு போய் நடு மணலில் உட்கார்ந்துவிட்டோம். "கம்ப எடுத்துகினு எங்கடா போற? எம்புள்ள ஜெயில்ல கீறான். வாராவாரம் போய் கம்பி வழியா பாக்கறேன். உன் ஆத்தாளும் அப்படி வரணுமா?" என்று முனியம்மா கத்தினாள். கம்பெல்லாம் கீழே இறங்கிவிட்டது.

விழாவுக்கு நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தார்கள். 'சங்குமேட்டுக் குப்பம் செல்வம்மாள்: கணவர் தாமோதரனைக் கொன்றவனையும் மன்னித்த தாய். புன்னைக்குப்பம் முனியம்மா: மகன் செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் தேடும் தாய்' என்று போட்டிருக்கிறது. படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மகன் தயாளன் துடுப்பால் அடித்துத்தான் உன் அப்பா போனார். மறுநாள் நம்ம ஆட்கள் அவள் வீட்டுக்கு வைத்த நெருப்பில் அவள் புருஷனும் போனார். ஆனால் அதற்கெல்லாம் முதல் நாள் அவர்கள் வலையை அறுத்தது யார் என்று இரண்டு ஊரும் எட்டு வருஷமாகக் கேட்கிறது. எனக்குத் தெரியும் தினகரா. உனக்கும் தெரியும்.

அதைச் சொல்லாமல் அந்த மேடையில் என்னால் நிற்க முடியாது. சொல்வதற்கு நீ சம்மதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா செல்வம்மாள்.

மஸ்கட்,
5.2.2007.

அம்மாவுக்கு,

கம்பளியைப் போர்த்திக்கொள்கிறேன். காலுக்குத் தைலத்தை விடாமல் தேய்.

நீ எழுதியது எனக்குப் புரியவில்லை. எனக்கு எதுவும் தெரியாது. அப்பாவை அடித்துக் கொன்றவனைப் பெற்றவளோடு ஒரே இடத்தில் மீன் விற்கிறாய், ஒரே ஷேர் ஆட்டோவில் போகிறாய். இத்தனை வருஷமாக நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது மேடையும் ஏறப் போகிறாய். ஏறு. பொன்னாடையை வாங்கிக்கொண்டு பேசாமல் இறங்கு. பழையதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?

யார் அறுத்திருந்தாலும், நாளைக்கு இப்படி ஆகுமென்று பதினேழு வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? ஒரு வலைக்குப் போய் ஆளை அடித்துக் கொல்வார்களா? தப்பு அவர்கள் மேல்தான்.

உன் மகன்,
தினகரன்.

சேலையூர்,
16.2.2007.

அன்பு மகனுக்கு,

நான் யாருடைய வயதையும் எழுதவில்லையே ராஜா. பதினேழு என்று நீதான் எழுதினாய். படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

உன் அப்பா போன அன்றைக்குக் காலையில் உன் டிரவுசரைத் துவைக்க எடுத்தேன். பையில் நீல நூல். நம் வலை வெள்ளை, முனியம்மா வீட்டு வலைதான் நீலம். அந்த நேரம் அங்கே கோயில் வாசலில், "எங்க ஊர்ப் பையன் ஒருத்தனும் உங்க வலைமேல கை வெக்கல" என்று உன் அப்பா கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணப் போயிருந்தார். நான் ஓடியிருந்தால் தடுத்திருக்கலாம். உன்னைக் கட்டிவைத்து அடிப்பார்களே என்று பயந்து நூலை அடுப்பில் போட்டேன். பொய்ச் சத்தியம் என்று சொல்லித்தான் தயாளன் துடுப்பை ஓங்கினான். உன் அப்பா, தான் சொன்னது உண்மை என்று நம்பியே செத்தார். நீ செய்தது விடலைத்தனம். நான் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். மீன் நிறைந்த அன்னக்கூடையை ஒற்றை ஆளாகத் தலையில் ஏற்ற முடியாது, தூக்கிவிட ஒரு கை வேண்டும். ஆறு வருஷமாக என் கூடையை முனியம்மாதான் தூக்கி விடுகிறாள். தன் கூடையை மட்டும் என்னைத் தொட விடமாட்டாள். ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்வாள். "உன் தாலிய அறுத்தவன் ஆத்தா நானு. என் கூடைய நீ தூக்குனா எனக்கு அடுக்காது அக்கா" என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு தினமும் அவள் எதிரில் நிற்கிறேன். என்னால் முடியவில்லையடா.

ஒரு வரி எழுது. சரி என்று மட்டும் எழுது.

அம்மா.

மஸ்கட்,
28.2.2007.

அம்மா,

நீ சொன்னால் அப்பனைக் கொன்றவன் என்றுதான் ஊர் என்னைச் சொல்லும். அதை நான் தினமும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன், போதும். இன்னொரு வாயிலிருந்து கேட்க என்னால் முடியாது. எட்டு வருஷமாக நான் கடலையே பார்ப்பதில்லை. துறைமுகத்தில் வேலை, ஆனால் குடோனுக்குள்ளேயே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சொல்லாதே. சொன்னால் எனக்கு அம்மா இல்லை.

தினகரன்.

சேலையூர்,
15.3.2007.

அன்பு மகனுக்கு,

மேடையில் நான் எதுவும் சொல்லவில்லை. மைக்கைக் கொடுத்தார்கள், எல்லாருக்கும் கும்பிடு என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முனியம்மாதான் பேசினாள். "எம்புள்ள பண்ண பாவத்த நான் செத்தாலும் தீக்க முடியாது. இந்த அக்கா என்னியப் பக்கத்துல குந்த வெச்சதே பெருசு" என்றாள். மண்டபமே கைதட்டியது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைதட்டல் எனக்குச் செருப்படியாக இருந்தது.

வெளியே வந்து தாம்பரம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். ஊருக்குச் சொல்லாதே என்றாய், சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னேன். நூலை, அடுப்பை, நீ கடலைப் பார்க்காமல் குடோனுக்குள்ளேயே இருப்பதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்தாள். பிறகு, "என் வூட்டுக்காரரு எரிஞ்சாரே, அன்னிக்கும் உனுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "ஆறு வருசமா உன் கூடையத் தூக்குனனே, அப்பவும்?" என்றாள். தெரியும் என்றேன். தன் பொன்னாடையை நான்காக மடித்து என் மடியில் வைத்தாள். முதலில் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அது அவள் வீட்டுப் பக்கம் போகிற பஸ்கூட இல்லை.

உன் வார்த்தையை மீறினேன். திட்டியாவது எழுது.

அம்மா.

சேலையூர்,
2.7.2007.

அன்பு மகனுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. உன்னோடு வேலை செய்கிற ராஜகோபாலைப் பிடித்துக் கேட்டேன், நன்றாக இருக்கிறான் என்றார். அது போதும் என்று இருக்கிறேன்.

முனியம்மா மறுநாளிலிருந்து நாங்கள் மீன் விற்கிற கேம்ப் ரோட்டுக்கு வரவில்லை. படப்பைச் சந்தையில் விற்கிறாளாம். நடுவில் இரண்டு குப்பத்தில் தகராறு. நான் ஒருத்தியாகப் போனேன். "இன்னொரு ஆத்தா எங்க?" என்று கேட்டார்கள். ஒரு குப்பத்தில் இரண்டு பேர் மண்டை உடைந்தது. மூன்று மாதமாக என் கூடையை நானும் ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுத்தான் ஏற்றினேன். டீக்கடைக்காரர், ஒரு நாள் போலீஸ்காரர்கூட. மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்கினார் பாவம்.

நேற்று அவள் வந்தாள். பத்தடி தள்ளி உட்கார்ந்து வியாபாரம் பார்த்தாள். தெருவுக்குள் போகிற நேரம் வந்ததும் எழுந்து சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தாள். ரோட்டில் நாலைந்து பேர் போனார்கள். யாரையும் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்து, "தூக்கி வுடு" என்றாள்.

தூக்கிவிட்டேன் தினகரா. என் கூடையைவிட அது கனம். இத்தனை வருஷம் அதை என் கண் முன்னாலேயே சுமந்திருக்கிறாள்.

கூடையோடு நின்றபடியே சொன்னாள்: "ஜெயிலுக்குப் போய் தயாளனாண்ட சொல்ட்டேன். கேட்டுகினே இருந்தான். அந்தத் தம்பி இப்ப எங்க கீறான்னு கேட்டான். வெளிநாட்ல, குடோனுக்குள்ள வேலை, வெளியவே வர்றதில்லையாம்னேன். அப்ப அவனும் உள்ளதான் கீறானான்னு கேட்டான்." அவ்வளவுதான், போய்விட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாளைக்கு வருவாளா என்றும் தெரியாது.

உனக்கு அம்மா இல்லை என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தையும் மற்றவற்றோடுதான் வைத்திருக்கிறேன். வருவதற்கு மனசு வந்தால் வா. வந்து யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். கடலுக்கும் போக வேண்டாம். சோறு ஆக்கி வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

இப்படிக்கு,
நீ இல்லை என்று சொன்னாலும் உன் அம்மா,
செல்வம்மாள்.

பி.கு: தபால்காரரை நான் இப்போது வழிமறிப்பதில்லை. தெருமுனையில் வரும்போதே என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.