குண்டத்தில் சுடாத கால்

மாமாவுக்கு,

ஓமலூரில் உங்கள் அக்காவை அம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அழைத்துவிட்டுத் திரும்புமுன் இதைப் படித்துவிடுங்கள். நேரில் கேட்டால் மழுப்பிவிடுவீர்கள்.

நம் கரையில் கள்ளுக்கடைகளை மூடியதிலிருந்து, பரிசலேறி ஆற்றின் அக்கரையில் குடித்துவிட்டு வருகிறீர்கள் என்றே நினைத்தேன். இருட்டில் வெற்றிலைக் கொடிக்கால் வரப்பில் தள்ளாடினீர்கள். ஒற்றைச் செருப்போடு வந்து, "வார் அறுந்து போச்சு புள்ள" என்றீர்கள். மற்றதை வாய்க்காலோரம் நான் எடுத்தேன். வார் அறவில்லை.

தூங்கும்போது உங்கள் வாயை முகர்ந்தேன். வெற்றிலை வாசம்தான். குடித்தவன் கண் திறந்திருந்தாலும் தள்ளாடுவான். நீங்களோ இருட்டிலோ, முகம் கழுவக் கண்ணை மூடினாலோதான் சாய்கிறீர்கள்.

போன நோம்பியில் நீங்கள் முகம் சுளிக்காமல் நெருப்புக் குண்டம் இறங்கியதும், "அம்மன் உன்ற ஊட்டுக்காரரு கால்லயே இருக்கறா சாமி" என்று என்னிடம் சொன்னார் பூசாரி. ஊரே உங்கள் காலில் விழுந்தது. நானும் விழுந்தேன். வீட்டில் பார்த்தால் விரலிடுக்கில் தோல் வெந்து கிடந்தது. நீங்கள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தீர்கள்.

நீங்கள் புறப்பட்ட காலையில், படுத்தபடி பேசிக்கொண்டிருந்த உங்கள் பாதத்தில் ஊசியால் குத்தினேன். மூன்று தடவை. பேச்சு நிற்கவில்லை.

பெயர் சொல்லாமல் கம்பவுண்டரிடம் கேட்டேன். "கோளாறு கால்ல இல்லீங்க, முதுகுத்தண்டுல இருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

இந்த வருடம் குண்டம் வேண்டாம். ஊர் கேட்டால் எனக்குத் தீட்டு என்று சொல்லிக்கொள்கிறேன்.

கம்பவுண்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் கோயிலில் நின்று, நீங்கள் குடிகாரராகவே இருந்திருக்கக் கூடாதா என்று அழுதேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயை முகர்ந்து பார்த்தவள்