எளிமை என்று நீங்கள் சொன்ன அந்த லினக்ஸ்

அன்பும் கோபமும் பிரிக்க முடியாதபடி பழகிப்போன என் துணைவருக்கு,

இங்கே நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டுமலருக்காக உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் வருவது கோபம். நல்ல வார்த்தைக்கு இடம் மிஞ்சினால் கடைசியில் பார்க்கலாம்.

நீங்கள் போய் இரண்டு துர்கா பூஜை முடிந்துவிட்டது. வங்காளத்தில் நம் டாக்குரியாப் பேட்டையில் அதே மூன்றாவது மாடி வீடு. அதே மேசையில் உங்கள் கணினி. அதற்குள் அதே ஸ்லாக்வேர். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை; இதை ஒட்டுக் கேட்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரில் எல்லார் கணினியிலும் விண்டோஸ் இருக்கிறது. அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். லினக்ஸில் பல வகை. இன்னும் உயிரோடு இருக்கும் வகைகளில் மிகப் பழையதும் மிகப் பிடிவாதமானதும் எதுவோ அதைத் தேடிப் பிடித்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்.

துறைமுகத்து மின்பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அது. ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. மற்றவர்கள் ஓய்வு பெற்றால் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்புவார்கள். நீங்கள் கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்தீர்கள். படம் இல்லை, பொத்தான் இல்லை. வெள்ளை எழுத்தில் ஒரு வரி, அதன் முனையில் மினுக்கும் ஒரு கட்டம்.

"இது என்ன, தந்தி ஆபீஸா?" என்று கேட்டேன்.

"நம்மள மடையன்னு நினைச்சுப் பேசாத ஒரே இயந்திரம் இதுதான் விசாலம். 'நிச்சயமா, நிச்சயமா'ன்னு மூணு தடவ கேக்காது. சொன்னாச் செய்யும். சொல்லாட்டா ஒரு துரும்பைக்கூட நகத்தாது."

அந்த அழகை நான் மறுக்கவில்லை. நம்மைக் கேட்காமல் எதுவும் மாறாது. உள்ளே இருக்கும் அமைப்புகள் எல்லாம் சாதாரண எழுத்தில் எழுதியவை. படிக்கத் தெரிந்தவர் திறந்து படிக்கலாம், திருத்தலாம். ஊரில் எல்லாரும் புதுக் கணினி வாங்கியபோது நம் பழைய பெட்டி நோகாமல் ஓடியது. எதையும் செய்யத் தொடங்கும் முன் விளக்கத்தை முழுக்கப் படி என்று பள்ளியில் கன்னியாஸ்திரீகள் எனக்குச் சொல்லித் தந்தார்கள். உங்கள் ஸ்லாக்வேரும் அதையேதான் எதிர்பார்த்தது. அந்த வகையில் எனக்கும் அதற்கும் ஒத்துப்போனது.

ஆனால் அதை எளிமை என்றீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாருக்கு எளிமை? அச்சுப்பொறியை இணைக்க ஒரு வாரம் மேசைக்கடியில் கிடந்தீர்கள். ஒலி வர இன்னொரு வாரம். மின்வெட்டு வந்து போனால் வட்டு முழுவதையும் அது சோதித்து முடிக்கும்வரை வீடே காத்திருந்தது. சாந்தினிச் சந்தையின் கணினிக் கடைக்காரர்களிடம் பெயரைச் சொன்னால் "ஓட்டா கீ, தாதா?" என்று, அது என்ன என்று, உங்களையே திருப்பிக் கேட்டார்கள். எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லும் மனிதர் வீட்டில் வேலை குறைவதில்லை. அது இன்னொருவர் தலைக்கு மாறுகிறது. பால் தினமும் புதிதாக வருகிறதே, குளிர்பெட்டி எதற்கு என்று நீங்கள் கேட்ட அந்த வருஷங்களிலும் பாலை இரண்டு வேளை காய்ச்சியது நான்தானே?

இன்னொரு நாள் என் தங்கைக்கு அனுப்ப ஒரு பெரிய கோப்பை நகல் எடுக்கச் சொன்னேன். ஏதோ தட்டினீர்கள். திரையில் ஒன்றும் வரவில்லை. அதே மினுக்கும் கட்டம்.

"ஆச்சா இல்லையா?"

"ஆச்சு."

"ஒண்ணும் சொல்லலியே?"

"நல்லா முடிஞ்சா அது வாயத் திறக்காது விசாலம். தப்புன்னாத்தான் பேசும். எவ்வளவு மரியாதையான பழக்கம் பாத்தியா?"

மரியாதையாம்! அந்தப் பழக்கத்தை நீங்கள் இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா, அது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததா?

உங்கள் கடைசி மார்கழியில் கடைத்தெருவுக்குப் போய்விட்டுப் பையோடு ஏறி வரும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றீர்கள். நான் மேலிருந்து பார்த்தேன். என்ன என்றேன். "ஒண்ணுமில்ல, மித்ரா வீட்டுத் தாளிப்பு வாசனை" என்றீர்கள். மறுநாளும் அங்கேயே நின்றீர்கள். அன்றைக்கு அதையும் சொல்லவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பேசவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். பத்து வருஷமாக நீங்கள் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னது அதுதான். அந்த வாரத்திலேயே போய்விட்டீர்கள். நெஞ்சில் எத்தனை நாளாக வலி என்று மருத்துவர் கேட்டார். பெண்டாட்டியிடம் பதில் இல்லை. அந்த அவமானத்துக்காக உங்களை நான் மன்னிக்கவில்லை.

சரி, இப்போதைய சமாசாரத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு முந்திய வாரம் உங்கள் பிள்ளை முரளி பெங்களூரிலிருந்து போன் செய்தான். பொங்கல் கழித்து வருகிறானாம். வீட்டைக் காலி செய்துவிட்டு என்னைக் கையோடு அழைத்துப் போகிறானாம்.

"தனியா எப்படிம்மா சமாளிப்பே? அந்த கம்ப்யூட்டரையே எடுத்துக்கோ. அப்பா போயாச்சு. இனிமே அது நின்னா அந்த ஊர்ல யாருக்கு அதைத் தொடத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"தூர், அம்மா!" என்றான். வங்காளத்தில் சலித்துக்கொள்வது இன்னும் அவனை விட்டுப் போகவில்லை.

எனக்குத் தெரியும் என்று நான் சொன்னது வீம்பு இல்லை. கடவுச்சொல்லைக்கூட நீங்கள் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் உதட்டால் சொல்லிக்கொண்டே அடிப்பீர்கள். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே உங்கள் உதட்டிலிருந்து படித்துக்கொண்டேன். மீதியை விளக்கப் பக்கங்களிலிருந்து படித்தேன். தங்கைக்கு அஞ்சல் அனுப்புவது, தமிழில் அடிப்பது, அச்செடுப்பது எல்லாம் நானே செய்கிறேன். கீழ்வீட்டு மித்ரா பாபு தன் மகள் அனுப்பும் படங்களைப் பார்க்கத் தினமும் காலையில் என்னிடம்தான் வருகிறார்.

போகி வந்தது. போகிக்கு எனக்கு அலமாரிகள் காலியாக வேண்டும், உங்களுக்குத் தெரியும். வேண்டாத துணி, நசுங்கிய பாத்திரம், பழைய செய்தித்தாள் எல்லாவற்றையும் விடிந்ததும் ஒழித்தேன். பிறகு கணினியைப் பார்த்தேன். நீங்கள் அதற்குள் எத்தனை குப்பை சேர்த்து வைத்திருந்தீர்கள்! நாம் ஆடாத விளையாட்டுகள், நமக்குத் தெரியாத பாஷைகளுக்கு அகராதிகள். அதையும் ஒழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உள்ளே இருப்பவற்றை வரிசையாகக் காட்டியது. வேண்டாததைக் குறியிட்டால் எடுத்துவிடும். ஒவ்வொன்றும் எதற்கு என்று படித்துத்தான் குறியிட்டேன். திரையில் எழுத்துகளை வரைவதற்கு என்று ஒன்று இருந்தது. எழுத்துகள்தான் தனியாக இருக்கின்றனவே, வரைய இன்னொன்று எதற்கு என்று அதற்கும் ஒரு குறி போட்டேன். எடுத்துவிட்டது. இதை நம்பி வேறு யாராவது இருக்கிறார்களா என்று அது கேட்கவில்லை. மற்ற லினக்ஸ் வகைகள் கேட்குமாம்; இதை எடுத்தால் இன்னின்னது விழும் என்று எச்சரிக்குமாம். உங்களுடையது கேட்காது. அதைக்கூட ஒரு நாள் பெருமையாகத்தான் சொன்னீர்கள்: வீட்டுக்காரனுக்குத் தெரியாதா, எது எதைத் தாங்குகிறது என்று? வீட்டுக்காரருக்குத் தெரியும். வீட்டுக்காரிக்கு யார் சொன்னார்கள்?

அன்றைக்கு மித்ரா பாபு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் வழக்கம்போலக் கறுப்புத் திரைக்குப் பதில் படங்கள் தெரியும் படத்திரையைக் கொண்டுவரத் தட்டினேன். ஒரு முறை சிமிட்டியது. மறுபடி கறுப்பு.

"பௌதி, மேஷின் மோரே கேலோ?" என்றார். அண்ணி, இயந்திரம் செத்துப்போய்விட்டதா என்று கேட்கிறார், மனிதர்! பிறகு எனக்காக அவருடைய இந்தியைத் தமிழோடு கலந்து, "முரளிக்கு போன் லகாவ். நம்பர் என்கிட்ட இருக்கு" என்று எழுந்தார்.

"உட்காருங்கள் தாதா. முரளிக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது" என்றேன்.

அவனுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். பார், நான் சொன்னேனே என்பான். மேசையும் பெட்டியும் யாருக்கோ போகும், நான் பெங்களூரில் அவன் காட்டும் அறையில் இருப்பேன். உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்து என்ன சொன்னேன் என்பதை இந்த மலரில் அச்சிட மாட்டார்கள். மித்ரா பாபு தன் அரைகுறைத் தமிழிலேயே புரிந்துகொண்டு காதைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் இதையும் சொல்லவேண்டும். திரையில் ஒரு வரி இருந்தது. மழுப்பல் இல்லை, மன்னிப்புக் கேட்கும் நாடகம் இல்லை. இன்ன பெயருள்ள கோப்பைக் காணோம், அதனால் ஓட முடியவில்லை என்று சொன்னது. அந்தப் பெயரைப் பார்த்ததும் நான் குறி போட்டது எது என்று புரிந்துவிட்டது. சிடிக்களை நீங்கள் வைத்த டப்பாவிலிருந்து எடுத்தேன். திரும்ப நிறுவும் கட்டளையின் விளக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். மித்ரா பாபுவுக்கு இரண்டாவது தேநீரும் போட்டுக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். படத்திரை வந்தது. அவருடைய பேரன் தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தான். "ஷாபாஷ், பௌதி!" என்று அவர் மேசையைத் தட்டியதில் தேநீர் கொட்டியது. முரளியிடம் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன்.

முரளி வந்தான். வந்தவன் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, பையிலிருந்து ஒரு சின்னக் கேமராவை எடுத்துக் கணினியில் செருகினான். பேத்தியின் முகத்தைப் பெங்களூரிலிருந்து இங்கே பார்க்கலாமாம். உங்கள் ஸ்லாக்வேருக்கு அது கேமரா என்றே தெரியவில்லை. மாலைவரை முயன்றான். நடக்கவில்லை. குழந்தை அங்கே கணினி முன் உட்கார்ந்து "பாட்டி எங்கே?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாளாம். உங்கள் எளிமைக்கு அதுவும் ஒரு விலை. அதைக் கொடுத்தது நீங்கள் இல்லை.

"போதும்மா. நாளைக்கே விண்டோஸ் போட்டுடறேன். இல்ல, இதைத் தூக்கி யாருக்காவது குடுத்துடலாம். நீதான் கிளம்பறியே."

"நான் கிளம்பறேன்னு யார் சொன்னா? கேமராவுக்கு வேற கம்ப்யூட்டர் வாங்கிக் குடு, பேத்தியைப் பாக்கறேன். இதுல கை வைக்காதே. இது நின்னா நான் ஓட்டுவேன். போகியன்னிக்கு நின்னுது, நான்தான் ஓட்டினேன்."

வாய் தவறி வந்துவிட்டது. கேமரா வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"நின்னுதா? எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்னை இழுத்துட்டுப் போயிடுவேன்னுதான்."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"கம்ப்யூட்டர் நின்னா நிக்கட்டும்மா. அதுவா எனக்குப் பயம்? அப்பா ஒரு வார்த்தை சொல்லல. நீயும் சொல்ல மாட்டே. திடீர்னு ஒரு நாள் மித்ரா காக்கு போன் பண்ணுவார். ஒவ்வொரு தடவ அந்த நம்பரைப் பாக்கும்போதும் எனக்குக் கை கால் ஓடல, தெரியுமா?"

பூஜை நாளிலிருந்து மாடி ஏறும்போது எனக்குத் தலை சுற்றுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா உங்கள் மேல்? நீங்கள் நின்ற அதே படியில் நானும் பையோடு நின்று, மேலே யாரும் இல்லாததால் பொய் சொல்லவும் தேவையில்லாமல் நின்றிருக்கிறேன்.

அவனை உட்கார வைத்துச் சொன்னேன். தலைசுற்றலைச் சொன்னேன், முழங்கால் வலியைச் சொன்னேன், ஒரு நாள் குளியலறையில் சறுக்கியதைச் சொன்னேன். அடுத்த நாள் கரியாஹாட்டில் மருத்துவரிடம் போனோம். ரத்த அழுத்தமாம். மாத்திரை கொடுத்தார். முரளி வீட்டைக் காலி செய்யாமலேயே ஊர் திரும்பினான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்: ஒவ்வொரு ஞாயிறும் உடம்பைப் பற்றி நானாகச் சொல்ல வேண்டும், அவன் கேட்டுப் பிடுங்கக்கூடாது. நான் சொல்லத் தவறினால் அடுத்த ரயிலில் வந்துவிடுவானாம். ஒப்புக்கொண்டேன்.

நல்ல வார்த்தைக்கு இடம் இருக்கிறது போலிருக்கிறது. நீங்கள் நேர்மையான மனிதர். என்னை ஒரு நாளும் மடச்சி என்று நினைத்துப் பேசியதில்லை. ஆனால் உங்கள் வலியைக் கேட்டுத் தாங்கிக்கொள்ள என்னால் முடியாது என்று நினைத்துவிட்டீர்களே. இரண்டும் வேறா?

உங்கள் கணினியை விரும்புகிறவரை ஓட்டுவேன். ஆனால் உங்கள் பழக்கம் எனக்கு வேண்டாம். எனக்கு எங்கே வலித்தாலும், எதற்குப் பயமாக இருந்தாலும், முரளிக்கும் மித்ரா பாபுவுக்கும் இனி சொல்லிவிடுவேன். அவர்கள் போதும் போதும் என்று கெஞ்சினாலும் சொல்வேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

இன்னும் கோபம் தீராத உங்கள் மனைவி,
விசாலாட்சி